யேசடியான் பெஞ்சு

யேசடியான் செத்து வருஷம் திரும்பிய அன்று காலையில், வன்னிக்கோட்டை பவுன்ராசு டீக்கடையின் பெஞ்சு ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நீண்டு கிடந்தது. முதலில் கண்டுபிடித்தது பவுன்ராசின் முழங்கால்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து பாய்லருக்கும் பெஞ்சுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகிய அந்தக் கால், இருக்கக் கூடாத இடத்தில் இருந்த பலகையில் போய் இடித்தது. அவர் பலகையைத் திட்டினார், முழங்காலைத் தேய்த்தார், பாலை அடுப்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கீழத்தெருச் சனம் யேசடியானின் படத்துக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்து டீ குடிக்க உட்கார்ந்தது. பெஞ்சு நிறைந்த பிறகு, தலையில் கூடையோடு வந்த ஒரு வெளியூர்ப் பாத்திர வியாபாரி நின்றுகொண்டிருந்தார். பார்த்தால் அவருக்கும் இடம் இருந்தது. உட்கார்ந்தார், குடித்தார், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஊர் இதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

யேசடியான் ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கிற கேங்மேன். வண்டியில் மேலத்தெருக்காரர்களோடு தோள் இடிக்க உட்கார்ந்து வருவார். அதே ஆட்களோடு அதே ஸ்டேஷனில் இறங்கி அதே டீக்கடைக்குப் போனால், அவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள், இவர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். கீழத்தெருவுக்கென்று கூரை வாரியில் செருகி வைத்த கிளாஸை எடுத்து, தானே கழுவி, கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுகிற டீயை ஏந்திக் குடிக்க வேண்டும். ஒருநாள் அவர் அந்தக் கிளாஸை எடுக்கவில்லை. நேரே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, "ஒரு டீ" என்றார். யாரும் கொடுக்கவில்லை. கடை அடைக்கிற மட்டும் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். தள்ளிவிட்டார்கள், எழுந்து தட்டிவிட்டு உட்கார்ந்தார். பெஞ்சில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், அதன்மேல் உட்கார்ந்தார். முள்ளைப் பரப்பினார்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தெருவில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த கீழத்தெரு மெல்ல மெல்ல அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அடி வாங்கத் தெம்பு இருக்கிறவன் வரட்டும். அடிக்கத் தெம்பு இருக்கிறவன் வீட்ல இருக்கட்டும்."

குருவம்மாவுக்கு இரண்டாவது தெம்புதான் உண்டு. ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கிற ஒரே பொம்பளை அவள். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, மூக்குக்கு மேலே கோபம். பள்ளிக்கூடத்தை வாசலோடு பார்த்தவள். அவளைச் சந்தைதான் படிக்க வைத்தது, அதுவும் குட்டிக் குட்டி. யேசடியானோடு அவளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருநாள், பவுன்ராசின் அப்பா கொதிக்கிற டீயை எடுத்து யேசடியானின் தோளில் ஊற்றினார். யேசடியான் அசையவில்லை. குருவம்மா எழுந்து விட்ட அறை ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. போலீஸ் வந்தது, உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனது. போராட்டம் ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது. வேனில் ஏறும்போது யேசடியான் அவளிடம் கோபப்படவில்லை. "குருவம்மா, உன் கை உன் பேச்சைக் கேக்கிற அன்னைக்கு வந்து உக்காரு" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பெஞ்சு எல்லாருக்குமான பெஞ்சானது. பவுன்ராசின் அப்பாவே துடைத்துவிட்டு "உக்காருங்க" என்று சொல்லுகிற நாள் வந்தது. ஆனால் குருவம்மா உட்காரவில்லை. அவள் கை அவள் பேச்சைக் கேட்டதாக அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வாரத்துக்கு ஒருவனையாவது சந்தையில் அது அறைந்துகொண்டுதான் இருந்தது. ஆகையால் ஆயுசு முழுக்க நின்றபடியே டீ குடித்தாள். ஊரில் அவளுக்குப் பெயரே நிலைக்கால் குருவம்மா.

பெஞ்சு நீளத் தொடங்கியதும் மாட்டிக்கொண்டது அவள்தான்.

ஏனென்றால் பெஞ்சுக்கு ஒரே ஒரு குணம்தான் இருந்தது. சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஒருத்தர் மட்டும் நிற்பது அதற்குப் பொறுக்கவில்லை. நிற்கிறவரின் முழங்காலுக்குப் பின்னால், பசுவின் மூச்சு படுகிற மாதிரி மெதுவாக வந்து நிற்கும். குருவம்மா டீக் கிளாஸோடு நிற்பாள், பலகை பின்னால் வந்து தொடும். அவள் ஓரடி தள்ளி நிற்பாள், அதுவும் ஓரடி தள்ளி வரும். "சீ, போ அங்கிட்டு!" என்பாள், போகாது. கடைக்கு வெளியே வந்தாள், பின்னாலேயே வந்தது. வேப்பமரத்தைச் சுற்றி நின்றாள், செக்குமாடு போலத் திரும்பி வந்தது. அவள் பிடிவாதத்துக்கும் பலகையின் பிடிவாதத்துக்கும் நடுவில் பெஞ்சு தெருவில் இறங்கி, நான்கு முழத்துக்கு ஒரு ஜோடி கால் ஆலம் விழுது போலத் தானே இறக்கிக்கொண்டு, ரேஷன் கடையைத் தாண்டி, தபாலாபீஸைத் தாண்டி, அவள் செவ்வாய்க்கிழமைதோறும் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் போகத் தொடங்கியது.

"எக்கா, நீ ஒருதரம் உக்காந்துட்டா அது நின்னுரும்லா?" என்று பவுன்ராசு கெஞ்சினார்.

"அது உக்காரச் சொன்னா நான் உக்காரணுமோ? உங்கப்பன் எந்திரின்னு சொன்னப்பவே நான் எந்திரிக்கல. போய் டீயைப் போடுரா."

ஊர் வேறு என்ன செய்யும், பழகிக்கொண்டது. ரேஷன் கடை வரிசை உட்கார்ந்தே நகர்ந்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் "பெஞ்சு முக்கு", "பெஞ்சு வளைவு" என்று கத்தி ஆளை இறக்கினார்கள். மேலத்தெருப் பெண்கள் பலகையில் வற்றல் காயப் போட்டார்கள், கீழத்தெருப் பெண்கள் மிளகாய் காயப் போட்டார்கள், இரண்டும் கலந்துபோய் ஒரு பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டை முடிந்தபோது இரு தெருவிலும் குழம்பு ஒரே ருசியில் இருந்ததாகப் பேச்சு. ஒரு வீட்டுக்காரர் தன் காம்பவுண்டுச் சுவரில் குழாய்க்கு ஓட்டை போடுகிற மாதிரி பெஞ்சுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தார். பலகை அவர் முற்றத்தின் வழியே போய் அடுத்த வீட்டில் வெளியேறியது. அந்த இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. இப்போது ஒரே பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? தாலுகா ஆபீஸிலிருந்து ஆக்கிரமிப்பை அளக்க ஒருவர் டேப்போடு வந்தார். அளந்தார். அளக்கிறபோதே டேப் பற்றாமல் போனது. உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, "இது வளர்ற பொருள், எங்க இலாகாவில வராது" என்று சொல்லிப் பஸ் ஏறினார்.

மேலத்தெருப் பெரியவர்கள் சிலருக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஆசாரியைக் கூட்டிவந்து அறுக்கச் சொன்னார்கள். அறுத்தார். துண்டை எடுத்து அவர் நிமிர்வதற்குள், நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்காகப் பலகை மறுபடியும் நீண்டுவிட்டது.

"வேடிக்கை பாக்கிறவங்க எல்லாரும் முதல்ல உக்காருங்கப்பா, அப்பத்தான் இது அடங்கும்" என்றார் ஆசாரி.

உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த ஆட்களின் நடுவில் ரம்பத்தை எங்கே வைப்பது? ஆசாரி பையைக் கட்டினார்.

சந்தைக்குப் போகிற வழியில்தான் மேலத்தெருவின் கல்யாண மண்டபம் இருந்தது. கீழத்தெருக்காரர்கள் அதற்குள் பந்தல் கட்டியிருக்கிறார்கள், பாத்திரம் கழுவியிருக்கிறார்கள், பந்தியில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை குருவம்மா மண்டபத்து வாசலில் நின்று ஒரு கிடாய்க்காரனோடு வாயாடிக்கொண்டிருக்க, பெஞ்சு அவள் முழங்காலைத் தேடிக்கொண்டு மண்டபத்து கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நுனி உள்ளே பார்த்தபடி இருந்தது.

மண்டபத்தின் தலைவர் திருமேனிநாதன். ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிறவர், வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச், அடுத்த தேர்தலில் நிற்கிற எண்ணம். அவர் அப்பா ஆட்டு வியாபாரி, ஆகையால் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பாஷை அவருக்கும் தெரியும். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவர் நேரே கீழத்தெருவுக்கு வந்தார்.

"யேசடியான் அய்யாவுக்கு இந்த ஊர் என்ன செஞ்சிருக்கு? ஒண்ணுமில்ல. ஒரு பெரிய தலைவரோட பெஞ்சுல ஆடு மூத்திரம் போகுது, வத்தல் காயுது. நான் என் சொந்தச் செலவுல நினைவிடம் கட்டித் தாரேன். அந்தப் பழைய பலகையை அறுத்து, மேடை கட்டி, சுத்திக் கம்பிக் கூண்டு வச்சு, வருஷா வருஷம் மாலை போடுவோம்."

கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் கீழத்தெருவுக்கு மனசு குளிர்ந்துபோனது. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். அந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் முக்குக்கு முக்கு ஒரு தலைவர் சிலையாக நிற்பார், ஒவ்வொருவரையும் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கும். கல் எறிந்துவிடக் கூடாது, செருப்பு மாலை போட்டுவிடக் கூடாது, ஊர் பற்றி எரிந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் பூட்டி வைத்த கூண்டு. பார்த்துப் பார்த்து, கூண்டு இருந்தால்தான் தலைவர் என்று சனத்தின் மனசில் பதிந்துபோயிருந்தது. இளைஞர் சங்கத் தலைவன் ஜெபசிங் துள்ளினான்.

"எல்லா ஊர்லயும் அவங்கவங்க ஆளுக்குக் கூண்டு இருக்கு சித்தி. நம்ம அய்யா மட்டும் திறந்த வெளியில கிடக்காரு. கேவலமா இல்லையா?"

குருவம்மாவுக்கும் கேவலமாகத்தான் இருந்தது. அதோடு, வாழ்நாளில் முதல்முறையாக மேலத்தெரு அவளிடம் ஒன்றைக் கொடுக்க வந்திருக்கிறது. கொடுக்க வந்தவனிடம் பேரம் பேசாமல் வாங்கினால் அவள் குருவம்மாவா? துண்டை உதறினாள். இருவர் கையும் துண்டுக்கு அடியில் போயின. திருமேனிநாதன் ஆறு விரலைத் தொட்டார், ஆறடி உயரம். அவள் அவர் விரல்களை உதறிவிட்டுப் பன்னிரண்டு பிடித்தாள். அவர் ஏழுக்கு வந்தார். அவள் முகத்தை ஆகாயத்தில் வைத்துக்கொண்டாள். எட்டு என்றார், துண்டுக்கு மேலே ஒரு சுருக்கமும் விழவில்லை. கடைசியில் பத்தில் கை அழுந்தியது. பத்தடிக் கூண்டு, உச்சியில் ஈட்டி முனை, நாலு மூலையிலும் லைட்டு.

"பக்கத்து ஊர் சிலைக்கெல்லாம் எட்டடிதான்" என்று வீட்டுக்கு வந்து புருஷன் தங்கப்பழத்திடம் சொன்னாள். சந்தோஷத்தில் அன்று இரண்டு தரம் கறி வைத்தாள்.

பலகையை அறுக்கிற நாளில் திருமேனிநாதன் புத்தியாக நடந்துகொண்டார். தெருவில் யாரும் நிற்கக் கூடாதென்று தூரத்தில் கயிறு கட்டினார். ஆசாரி பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி அறுத்தார். நிற்பதற்கு ஆளில்லாமல் பலகை சும்மா கிடந்து அறுபட்டது. யேசடியான் உட்கார்ந்த பழைய துண்டு வேப்பமரத்தடி மேடைக்குப் போனது. மிச்ச நீளமெல்லாம் வெறும் மரமாகி, வெயிலில் விரிசல் விட்டு, வண்டி வண்டியாக ஏறிப் போயிற்று. திறப்பு விழாவில் திருமேனிநாதன் மைக்கில் "குருவம்மா அம்மா அவர்கள்" என்றார். மைக்கை விட்டு இறங்கியதும் "ஏ குருவம்மா, அந்த மாலையை எடு" என்றார். கல்வெட்டில் யேசடியான் பெயரைவிடத் திறந்து வைத்தவர் பெயர் பெரிசாக இருந்தது. கீழத்தெருவில் பாதிப் பேருக்கு அது படிக்கத் தெரிந்திருந்தும், கூண்டின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

பவுன்ராசு உட்கார வேண்டுமே என்று கொஞ்சம் பிளாஸ்டிக் சேர் வாங்கிக் கடைக்குள்ளே போட்டார். காகிதக் கப் வாங்கினார். சேரில் மேலத்தெரு உட்கார்ந்தது. கீழத்தெரு வெளியே கப்போடு நின்றது. யாரும் எந்தச் சட்டமும் போடவில்லை. முதல் நாள் இடமில்லாமல் நின்றார்கள், அடுத்த நாள் பழக்கத்தில் நின்றார்கள், அதற்கடுத்து அதுவே ஊர் வழக்கமாகிப்போனது. மரத்தடியில் உட்கார ஒருத்தரும் இல்லை, கீழத்தெரு முழுக்க நின்றது, காலிப் பெஞ்சு கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அது யாருக்காக நீளும்?

ஒருநாள் குருவம்மா கடைக்கு வந்தபோது தங்கப்பழம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். லாரியில் மூட்டை ஏற்றி ஒரு கால் நொண்டிப்போன மனுஷன், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று சேர் காலி.

"உள்ள சேர் சும்மாதானே கிடக்கு. போய் உக்காரும்."

"வேண்டாம்ட்டி."

"ஏன்?"

"நமக்கு எதுக்கு வம்பு?"

அவள் கை தானாக ஓங்கியது, ஆனால் யாரை அடிப்பது? புருஷனையா, பவுன்ராசையா, காலிச் சேரையா? அவர் அந்த வார்த்தையை எத்தனை அமைதியாகச் சொன்னார்! யேசடியானின் தோளில் கொதிக்கிற டீ விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நடுங்காமல் இருந்த ஆள். அவரை மறுபடியும் மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது பத்தடிக் கூண்டு. அதை விரல் விரலாகப் பேசி வாங்கியவள் அவள்.

வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். சனம் விலகியது. கூண்டின் பூட்டுக்கு நேரே கடப்பாரையை ஓங்கியவள், அப்படியே நின்றாள். சந்தைக்காரி அல்லவா, ஒரு நொடியில் கணக்கு ஓடியது: இந்தப் பூட்டு உடைந்தால் நினைவிடத்தைத் தாக்கினார்கள் என்று சாயங்காலத்துக்குள் செய்தி பரவும். கீழத்தெருவுக்குப் போலீஸ் வரும். பெஞ்சுக்கு இன்னொரு கூண்டு வரும், பதினைந்து அடியில். அடிக்கத் தெம்பு இருந்தது, அடித்தால் பேரம் அவர்கள் பக்கம் போய்விடும். கடப்பாரையைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"இதை வீட்ல கொண்டு போடும். வரும்போது வெத்தலைப் பொட்டியை எடுத்துட்டு வாரும்."

கூண்டின் கதவுக்கு முன்னால் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஜெபசிங் ஓடிவந்தான். "சித்தி, கூண்டைக் கேட்டு வாங்குனது நீங்கதானே!"

"நான்தான்டா வாங்குனேன். சரக்கு சரியில்ல, திருப்பித் தாரேன். கதவைத் திறந்துவிடச் சொல்லு. சனம் உக்காராத பெஞ்சு அவருக்கு எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தங்கப்பழம் வெற்றிலைப் பெட்டியோடு வந்து, மரத்தைப் பிடித்து இறங்கி, அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். நிற்கிற ஜெபசிங்கைக் கீழிருந்து பார்த்து, "உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு" என்றார். அவனும் உட்கார்ந்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சந்தைக்குப் போகிற ஆடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு கத்தியபடி போயின. குருவம்மா இல்லாத சந்தையில் ஒரு கிடாய்கூடச் சரியான விலைக்குப் போகவில்லை என்று வியாபாரிகள் வந்து புலம்பினார்கள், புலம்பினவர்களில் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். பாத்திரம் கழுவுகிற பெண்கள், ரேஷன் வரிசைக்காரர்கள், வற்றல் போட இடமில்லாமல் போன மேலத்தெரு மருமகள்கள் இரண்டு பேர் என்று கூட்டம் சேர்ந்தது. திருமேனிநாதனின் ஆள் ஒருவன் ஒரு குடம் கழுநீரைக் கொண்டுவந்து குருவம்மாவின் தலையில் கவிழ்த்தான்.

அவள் வலது கை மடியிலிருந்து எழும்பியது. எழும்பிய கையை அவள் வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் தன் பாரம் முழுவதையும் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாய் மட்டும் அடங்கவில்லை. அந்த ஆளின் மூக்கு, முழி, அவன் தாத்தா திருடிய ஆடு, அவன் வீட்டுக் கழுநீரின் நாற்றம் என்று ஒன்றையும் விடாமல் வரிசையாகப் பேசினாள். அவன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

"மயினி, இது அகிம்சையில சேருமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"யேசடியான் அண்ணன் கையைத்தான் கட்டச் சொன்னாரு. வாயைக் கட்டச் சொல்லல."

திருமேனிநாதனே வர வேண்டியதாயிற்று. மண்டபத்தில் அவர் தங்கச்சி கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, மந்திரி வருகிற வழி இதுதான். உச்சி வெயில். கூட வந்தவர்கள் நிழல் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள், காவலுக்கு வந்த ஏட்டையா பைக்கில் உட்கார்ந்திருந்தார், பவுன்ராசு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பவுன்ராசின் ஆள் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்தான். ஜெபசிங் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தரையில் கிடக்கிற சனத்துக்கு முன்னால் சேரில் உட்கார்ந்த படம் தேர்தலுக்கு ஆகாது என்று திருமேனிநாதன் சேரைத் தள்ளிவிட்டார். தரையில் உட்காரவும் அவரால் முடியவில்லை. குனிந்து, அவள் தோளிலிருந்த ஈரத் துண்டைத் தானே எடுத்து விரித்தார். அவள் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை உருவி உள்ளே கொடுத்தாள்.

ஒரு விரலைத் தொட்டார்: வருஷத்தில் ஒருநாள் கூண்டைத் திறக்கிறேன். அந்தக் கை சும்மா கிடந்தது. இரண்டைத் தொட்டார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். கை திரும்பிப் பிடிக்கவில்லை, உதறவும் இல்லை, சூடாக, திறந்தபடி அவர் கையில் கிடந்தது. சந்தையில் விரல் கொடுக்காத கைக்கு ஒரே அர்த்தம், இது விற்கிற உருப்படி இல்லை. ஆட்டு வியாபாரி மகனுக்கு அது தெரியும். துண்டை மடித்து அவள் தோளில் போட்டார். ஆனால் போகவில்லை. போனால் தோற்றதாகும். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்ட, வாட்ச் கட்டின கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு நின்றார். தெருவில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அவர் ஒருத்தர் மட்டும் நின்றார்.

கூண்டுக்குள் பலகை முனகியது.

கதவின் கீல் இரண்டும் பெயர்ந்தன. பத்தடிக் கதவு பூட்டோடு சாய்ந்து வேப்பமரத்தில் அணைந்து நின்றது. பெஞ்சு வெளியே வந்தது. குருவம்மாவின் தோளைத் தாண்டி, தங்கப்பழத்தின் நீட்டின காலைத் தாண்டி, ஜெபசிங்கின் செல்போனைத் தாண்டி, கால்களை ஊன்றி ஊன்றி, அவசரமில்லாமல் போய், திருமேனிநாதனின் முழங்காலுக்குப் பின்னால் நின்றது.

குருவம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "யோவ் யேசடியான் அண்ணே! வெயில்ல வெந்து, கழுநீர்ல குளிச்சுக் கிடக்கிறவ நான். உன் பெஞ்சு அவனுக்கா போகுது?"

"நீதான் உக்காந்திருக்கியேட்டி" என்றார் தங்கப்பழம். "நிக்கிறது அவருதானே."

தெரு சிரித்தது. திருமேனிநாதன் சிரிக்கவில்லை. பின்னால் கையை விட்டுப் பலகையைத் தொட்டார், அது வெயிலில் கிடந்த மரம் மாதிரி சுடவில்லை. சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் வாயிலிருந்து, பெரிய சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு ஒன்று வெளியே வந்தது. அதை அவர் அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

குருவம்மா எழுந்தாள். புடவை ஈரம் சொட்ட அவர் முன்னால் போய் நின்றாள். இப்போது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், நிற்பது அவள் மட்டும். பலகை நுனியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு இந்தப் பக்கம் இடமில்லை. தெரு முழுவதும் பலகையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை மாசம் அவள் முழங்காலைத் துரத்தித் துரத்தி வந்த பலகை அல்லவா, இதோ நீளும் என்று பார்த்தார்கள். ஏட்டையாகூட பைக்கிலிருந்து கழுத்தை நீட்டினார்.

பெஞ்சு நீளவில்லை. வெறும் பலகையாகக் கிடந்தது.

திருமேனிநாதனும் நுனியைப் பார்த்தார். அது தனக்காக எதையும் செய்யப்போவதில்லை என்பது அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. அவள் கையைப் பார்த்தார், இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்தைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையில் நகர்ந்தார். அந்த ஊரில் ஒருத்தர் இன்னொருத்தருக்காக நகர்ந்து உட்காருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை, பெஞ்சு அதற்கு அவசியமே வைக்கவில்லை.

"இப்படி உட்காருங்க" என்றார். மைக் இல்லை.

குருவம்மா அவர் விட்ட இடத்தை இடமும் வலமுமாகப் பார்த்தாள், குட்டியின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"இது பத்தாது. இன்னும் தள்ளி உக்காருங்க தம்பி" என்றாள். "எனக்குப் பின்னால ஒரு தெருவே வருது."